தனக்கோடி வாங்கிய மூன்று டிக்கெட்

தனக்கோடிக்கு டிக்கெட் கொடுத்துத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. ஆரணியிலிருந்து செய்யாறுக்குக் காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பும் பஸ்ஸில் அவள் கண்டக்டர். செய்யாறில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிற நான், நான்கு வருஷமாக அந்த பஸ்ஸில்தான் போய்வருகிறேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் என்கிற தைரியத்தில் இங்கே ‘அவள்’ என்று எழுதுகிறேன். பஸ்ஸுக்குள் அப்படிச் சொன்னால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டுவிடுவாள்.

அவளுடைய அப்பா டிரைவராக இருந்தவர். பணியில் இருக்கும்போதே காலமானார். வாரிசு என்கிற முறையில் கண்டக்டர் வேலைக்குத் தனக்கோடி மனுப் போட்டாள். உயரம் அளக்கிற இடத்தில் ஒரு விரற்கடை குறைந்தது. கொண்டையை உச்சியில் தூக்கி முடிந்துகொண்டு மறுபடி போய் நின்றாள். “கொண்டைய அவுத்துட்டு நில்லும்மா” என்றாராம் அதிகாரி. உயரத்தில் சலுகை கேட்டு இரண்டு வருஷம் நடையாய் நடந்த பிறகு வேலை கிடைத்தது. அதில் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது.

டிக்கெட் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. நேற்றைய டிக்கெட்டைத் தேதியின்மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக் காட்டினார் ஒருவர். தனக்கோடி சத்தம் போடவில்லை. “வெரலு வலிக்கப் போவுது, எடுங்க” என்றாள். பஸ்ஸே சிரித்தது. அந்த ஆள் இன்றைக்கும் அந்த பஸ்ஸில்தான் வருகிறார். ஏறியவுடன் முதலில் காசை நீட்டுவது அவர்தான்.

வீடு ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில். கணவர் அருள்மணி வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறார். நிதானமான மனிதர். ‘சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால், ஒரு வரிசை ஓட்டிவிட்டு, நூலைச் சரிபார்த்துவிட்டு, பிறகுதான் ‘ம்’ என்பார். ஒரே மகள் தேவிப்ரியா, ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கால்பந்து அணியில் கோலி, அதாவது கோல்கீப்பர். முழங்கால் இரண்டிலும் காயம் ஆறிய நாளே கிடையாது. கோல் கம்பத்துக்கு நடுவே நிற்க வேறு யாரும் வராததால் அவளை நிறுத்தினார்கள். நின்ற பிறகு அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று அவளே அடம்பிடித்துவிட்டாள்.

பிப்ரவரியில் அவளுக்குப் பன்னிரண்டாவது பிறந்த நாள். என்ன வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு ‘ஒண்ணும் வேணாம்’ என்றாள். ஆனால் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாள். “நேர்ல ஒரு மேட்ச் பாக்கணும்ப்பா. டிவில பந்து பின்னாடியே ஓடறாங்க. கோலி இன்னா பண்ணிகினு இருக்காருன்னு காட்டவே மாட்டேன்றாங்க.”

இதை அருள்மணி மனைவியிடம் சொல்ல மூன்று நாளாயிற்று. சொன்ன அன்றைக்கே தனக்கோடி முடிவு செய்துவிட்டாள். சென்னையில் பிறந்த நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சென்னை அணிக்கும் கேரளத்து அணிக்கும் ஆட்டம். மூன்று டிக்கெட் வாங்க வேண்டும். பாப்பாவிடம் கடைசிவரை மூச்சு விடக் கூடாது.

எங்கே வாங்குவது? பஸ்ஸின் டிரைவர் பலராமனைக் கேட்டாள். பலராமனுக்கு இருபத்தேழு வாட்ஸப் குரூப்பில் இடம் உண்டு. மறுநாளே ஒரு நம்பரோடு வந்தார்.

“நம்ம மச்சான் குரூப்புல வந்துதும்மா. டிக்கெட்டெல்லாம் தீந்துபோச்சாம். இவருகிட்ட மட்டும் மூணு கீதாம்.”

“கரெக்டா மூணா?”

“கரெக்டா மூணு. உனுக்குன்னே வெச்ச மாதிரி.”

அந்த ஆள் பெயர் ஹேமநாத். படத்தில் கோட்டு போட்டு, கை கட்டி நின்றார். பெயருக்குக் கீழே ‘டிக்கெட் மேனேஜர்’ என்று இருந்தது. மூன்று டிக்கெட்டின் படத்தையும் அனுப்பினார். பணத்தை உடனே போடச் சொன்னார். தனக்கோடி போடத் தயாராகவே இருந்தாள். போடுவதற்கு முன் ஒரே ஒரு சந்தேகத்தைக் கேட்டுக்கொள்ள நினைத்து, பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி போன் செய்தாள். சத்தத்தில் காது கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், சொல்லுங்க மேடம்!” என்று குரல் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த முப்பது பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

“சார், ஒண்ணும் இல்ல. பாப்பா மொதோ தடவ வருது. அதுக்கு ஜன்னலோரமா ஒரு சீட்டு கெடைக்குமா?”

தனக்கோடி விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் ஸ்டேடியத்தைப் பார்த்ததில்லை. குழந்தையை எங்கே உட்கார வைத்தாலும் ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

“கண்டிப்பா மேடம்! மூணுமே ஜன்னலோரம்தான். ஏசி வேற.”

“ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று மனம் குளிர்ந்து சொன்னாள் தனக்கோடி. போனை வைத்துவிட்டுப் பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்தாள்.

முன் சீட்டில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். முள்ளிப்பட்டில் தனக்கோடியின் தெருவிலேயே இருக்கிற பெண். செய்யாறு காலேஜில் படிக்கிறாள். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

“அக்கா, அது மைதானம்க்கா.”

“தெரியும். அதுக்கு?”

“நாலு பக்கமும் தொறந்து கெடக்கும். ஜன்னலு எங்கக்கா இருக்கும்? ஏசிய எங்க மாட்டுவாங்க?”

பஸ்ஸில் முதலில் ஒருவர்தான் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். நானும்தான். தனக்கோடியின் முகம் சிவந்துவிட்டது. பலராமன் திடீரென்று கண்ணாடியைத் துடைக்கக் கீழே இறங்கிப் போனார்.

தனக்கோடி அந்த மூன்று படத்தையும் மறுபடி திறந்தாள். இந்தத் தடவை வாங்குகிறவளாகப் பார்க்கவில்லை, கண்டக்டராகப் பார்த்தாள். பத்து விநாடி ஆகவில்லை, மறுபடி போன் போட்டாள். இப்போது சத்தத்துக்காக அல்ல, எங்களுக்காகவே ஸ்பீக்கர்.

“சார், மூணு டிக்கெட்லயும் ஒரே நம்பரு கீதே?”

“அது ஃபேமிலி டிக்கெட் மேடம். ஒரே நம்பர்தான் வரும்.”

“அப்ப மூணு பேரும் ஒரே சீட்டுல ஒருத்தர் மடில ஒருத்தர் உக்காரணுமா?”

“மேடம், உங்களுக்கு வேணாம்னா விடுங்க. இன்னும் அஞ்சு பேரு கேட்டுகினு இருக்காங்க. ஜல்தியா சொல்லுங்க.”

“அஞ்சு பேருக்கும் இதே நம்பருதானா?”

லைன் போய்விட்டது. கோட்டு போட்ட படமும் காணாமல் போயிற்று. “பதினோரு வருஷத்துல எம் மிஷின்ல ஒரு நம்பரு ரெண்டு தடவ வந்ததில்ல” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள் தனக்கோடி. சுகன்யா விடவில்லை. இணைய மோசடிக்குப் புகார் வாங்குகிற 1930க்குப் போன் போட்டு, அந்த ஆளின் நம்பரைச் சொல்லிப் புகார் கொடுக்க வைத்தாள். பஸ் நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. யாரும் முணுமுணுக்கவில்லை.

சரியான வழி எது என்று சுகன்யாவே சொல்லிக் கொடுத்தாள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடவே கூடாது. அணியின் சொந்தப் பக்கத்துக்கு நாமே போய், அவர்கள் எந்த இடத்தில் டிக்கெட் விற்கிறோம் என்று சொல்கிறார்களோ அங்கே மட்டும் வாங்க வேண்டும். ஓடிபி என்று எவன் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. அணியின் பக்கத்தில் பார்த்தால் டிக்கெட் தீரவே இல்லை. பாதி மைதானம் காலியாகக் கிடந்தது. “நானே புக் பண்ணித் தரேன்க்கா” என்றாள் சுகன்யா. தனக்கோடி சம்மதிக்கவில்லை. மகளுக்குக் கொடுக்கப் போகிற பரிசைத் தன் கையால் வாங்க வேண்டும் என்று இருந்தது.

சாயந்திரம் தேவிப்ரியா மைதானத்திலிருந்து திரும்புமுன், புருஷனும் பெண்டாட்டியும் தறியருகே போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மைதானத்தின் வரைபடம் வந்தது. சீட்டைத் தேர்ந்தெடுக்க எட்டு நிமிஷம் என்று மேலே கடிகாரம் ஓடியது.

அருள்மணி வரைபடத்தை ஒரு சேலைக்குப் பார்டர் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இந்தப் பக்கம் வெயிலு அடிக்கும். அந்தப் பக்கம் நெழலு. ஆனா நெழலு பக்கத்துல கம்பம் மறைக்குமோ?”

“ஏங்க, ரெண்டு நிமிஷம் போச்சு.”

“இருக்கட்டும். அவசரப்பட்டு எடுத்துட்டு அப்பால ஒக்காந்து வருத்தப்படக் கூடாது.”

“அஞ்சு நிமிஷம் போச்சுங்க!”

“இந்த மஞ்ச கலரு இன்னா, பச்ச கலரு இன்னா? ரெண்டுக்கும் வித்தியாசம் கேட்டுக்கலாமா?”

“யாரக் கேக்கறது? போனயா?”

எட்டு நிமிஷம் முடிந்து பக்கம் தானாகவே மூடிக்கொண்டது. இரண்டாம் தடவை தனக்கோடி கணவரைத் தறியில் உட்கார வைத்துவிட்டுத் தனியே பார்த்தாள். இறங்க ஏறச் சுலபமாகப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மூன்று சீட்டு, ஒரு கோல் கம்பத்துக்கு நேர் பின்னால். ஒன்றரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. டிக்கெட் வந்ததும் அவள் முதலில் பார்த்தது நம்பரைத்தான். மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பிறந்த நாளன்று காலையில் சொன்னார்கள். தேவிப்ரியா குதிக்கவில்லை, கத்தவில்லை. போனை வாங்கி டிக்கெட்டைப் பார்த்தாள். “கோலுக்குப் பின்னாடியாம்மா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு தறி இருக்கிற அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஆறேழு தடவை ஓடிவிட்டு வந்தாள்.

இத்தோடு கதை சுகமாக முடிந்திருக்கும். ஆனால் அருள்மணிக்குப் பெருமை தாங்கவில்லை. நிதானமான மனிதர் வாழ்க்கையில் ஒரு தடவை அவசரப்பட்டார். மூன்று டிக்கெட்டின் படத்தையும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் சுகன்யா சொன்னாள்: “அக்கா, அண்ணன் ஸ்டேட்டஸ் பாத்தேன். அந்தக் கட்டம் கட்டமா இருக்கற க்யூஆர் கோடு அப்படியே தெரியுது. அதத்தான்க்கா கேட்டுல ஸ்கேன் பண்ணுவாங்க. அதோட படம் எவன் கைல இருந்தாலும் உள்ள பூந்துடலாம். மொதல்ல போறவனுக்குத்தான் சீட்டு.”

தனக்கோடிக்கு அன்றைக்கு மிஷினில் தப்புத் தப்பாக இறங்கும் ஸ்டேஜ் விழுந்தது. எனக்கே செய்யாறுக்குப் பதிலாக ஆரணிக்கு டிக்கெட் கொடுத்தாள். ஆரணியிலிருந்து ஆரணிக்கு.

வீட்டுக்குப் போனதும் ஸ்டேட்டஸை எடுக்க வைத்தாள். அதற்குள் அறுபத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். அந்த அறுபத்தொரு பெயரையும் கணவரைப் படிக்கச் சொல்லி, யார் யாருக்குச் சென்னையில் சொந்தம் இருக்கிறது என்று விசாரித்தாள். அவள் சந்தேகப்பட்டவர்களுக்கெல்லாம் அருள்மணியே போன் செய்ய வேண்டியதாயிற்று. தறிக்கு வேலை கொடுக்கிற முதலாளியிடம் கணக்குப் பிள்ளையாக இருக்கிற சம்பந்தம் என்பவர் அதில் மாட்டிக்கொண்டார்.

“அண்ணே, நாளைக்கி எங்கியாச்சும் வெளில போறீங்களா?”

“ஆமாப்பா, மெட்ராஸ்ல ஒரு கல்யாணம். ஏன்?”

தனக்கோடி போனைப் பிடுங்கினாள். “எந்த மண்டபங்க? முகூர்த்தம் எத்தினி மணிக்கு? சாயந்திரம் அஞ்சு மணிக்கு எங்க இருப்பீங்க?”

சம்பந்தம் பயந்துபோய், பத்திரிகையையே படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

இருந்தும் அவள் மனம் ஆறவில்லை. ஒரே வழிதான்: உலகத்தில் வேறு யாரும் வருமுன் நாம் கேட்டில் நிற்க வேண்டும். ஆட்டம் சாயந்திரம் ஐந்து மணிக்கு. ஞாயிறு விடிந்ததும் மூன்று பேரும் ஆரணியில் பஸ் ஏறினார்கள். கோயம்பேட்டில் இறங்கி, மெட்ரோ பிடித்து, ஸ்டேடியம் கேட்டுக்குப் போனபோது மணி பதினொன்று. கேட்டு பூட்டியிருந்தது. ஒரு செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“மேட்ச் சாயந்திரம்மா.”

“தெரியும்.”

“கேட்டு மூணரைக்குத்தான் தொறப்போம்.”

“தெரியும். எங்களுக்கு முன்னாடி யாருனா உள்ள போனாங்களா?”

“நானே இன்னும் உள்ள போவலம்மா.”

அதைக் கேட்டுத்தான் அவளுக்கு மூச்சு வந்தது. வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றதும், கொண்டுவந்த எலுமிச்சை சாதம் அத்தனையையும் மரத்தடியில் உட்கார்ந்து தீர்த்தார்கள்; செக்யூரிட்டிக்கும் ஒரு பங்கு. அருள்மணி மரத்தில் சாய்ந்து தூங்கினார். தனக்கோடி உட்காரவே இல்லை. ஒரு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும், “உங்க சீட்டு நம்பரு இன்னாங்க?” என்று கேட்டாள். அவள் கேட்கிற தோரணையில் யாருக்கும் ‘நீ யார்’ என்று கேட்கத் தோன்றவில்லை. போனை எடுத்துக் காட்டிவிட்டு அவள் பின்னால் வரிசையில் நின்றார்கள். மூன்றரைக்குக் கேட்டு திறக்கும்போது அந்த வாசலில் மட்டும் வரிசை வளையாமல் நேராக இருந்ததாம்.

ஸ்கேன் பண்ணுகிற பையன் மூன்று தடவை போனைக் காட்டச் சொன்னான். மூன்று தடவை பச்சை விளக்கு எரிந்தது. தனக்கோடி கண்ணை மூடித் திறந்தாள். “இப்ப அந்த அறுபத்தோரு பேரும் வரட்டும்” என்றாள். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே போனதும் அவள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். அவ்வளவு பெரிய பச்சையை அவள் நெல் வயலில்தான் பார்த்திருக்கிறாள். அதுவும் இவ்வளவு சமமாக இருக்காது.

அவர்களைச் சுற்றிச் சென்னை ரசிகர்கள் நீலச் சட்டையில் நிறைந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒருவர் பெரிய மேளத்தோடு வந்திருந்தார். ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் அவர்களுக்கு நேர் எதிரே நின்றது சென்னை கோலி. அவர் ஒரு பந்தைப் பாய்ந்து தட்டிவிட்டதும் தேவிப்ரியா எழுந்து நின்று விசிலடித்தாள். மேளக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பாப்பா செம! எந்த ஊரு?”

“ஆரணி.”

“ஆரணிக்கு ஒண்ணு!” என்று மேளத்தைத் தட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது எதிரே நின்றது கேரளத்துக் கோலி. சென்னை ஆள் ஒருவர் ஓங்கி அடித்த பந்து மேல் மூலைக்குப் போயிற்று. கோலி அந்தரத்தில் நீண்டு, விரல் நுனியால் அதை வெளியே தள்ளினார். மைதானமே ‘ச்சே’ என்று தலையில் கை வைத்தது. அந்த அமைதியில் ஒரே ஒரு விசில் கேட்டது. தேவிப்ரியா நாற்காலிமேல் ஏறி நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

மேளக்காரர் மெல்லத் திரும்பினார். “பாப்பா, நீ யாரு பக்கம்?”

“கோலி பக்கம்.”

“எந்த கோலி?”

“இங்க யாரு நிக்கறாரோ அவரு.”

பின் வரிசையில் ஓர் இளைஞன், “ஏம்மா, அந்தப் பக்கம் போயி உக்காரச் சொல்லுங்க” என்றான். தனக்கோடி எழுந்தாள். எழுந்தும் அவள் உயரம் அவன் உட்கார்ந்திருந்த உயரத்துக்குத்தான் வந்தது. ஆனால் குரல் அப்படியில்லை.

“தம்பி, காசு குடுத்து வாங்கன டிக்கெட்டு. சீட்டு நம்பரு போட்டுகீது. யாருக்குக் கை தட்டணும்னு எங்கியும் போடல. வேணும்னா காட்டறேன், படிச்சுக்கோ.”

மேளக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். “விடுப்பா. அது நல்ல சேவுதான், சூப்பரா தடுத்தாரு” என்று சொல்லிவிட்டு, மனமில்லாமல் மேளத்தை ஒரே ஒரு தடவை தட்டினார். மிச்ச ஆட்டம் முழுக்க ஒவ்வொரு தடவை பந்து இந்தப் பக்கம் வரும்போதும் அவர் முதலில் திரும்பித் தேவிப்ரியாவைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தைப் பார்த்தாராம். அருள்மணி கேட்ட ஒரே கேள்வி: “அந்தக் கையுறை இன்னா நூலுல செய்வாங்க?”

மறுநாள் பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். “யாரு ஜெயிச்சாங்க?” என்றார் பலராமன்.

“அதாண்ணே தெரியல” என்றாள் தனக்கோடி. “கோலெல்லாம் அந்தக் கோடிலதான் விழுந்துது. எங்க பக்கம் ஒண்ணுகூட வுழல. பாப்பாவக் கேட்டா, ரெண்டு கோலியுமே ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லுது.”

அதற்குப் பிறகு அவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. டிக்கெட் கொடுத்து முடித்து அவள் தன் இடத்தில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். வெளிநாட்டில் வேலை, குலுக்கலில் கார், ஐந்து நிமிஷத்தில் லோன் என்று வந்த செய்திகள். தனக்கோடி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பாள். இரண்டு கேள்வி கேட்பாள். பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குள் கேட்டவருக்கே வெட்கம் வந்துவிடும்.

போன வியாழக்கிழமை நானும் போனை நீட்டினேன். மின் கட்டணம் பாக்கி, இன்று இரவு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டித்துவிடுவோம், உடனே இந்த நம்பரை அழைக்கவும் என்று வந்திருந்தது. நான் கணக்கு எழுதுகிறவன். என் கட்டணத்தை நான் தேதி தவறாமல் கட்டுகிறவன். ஆனாலும் காலையில் அதைப் படித்ததும் ரசீதைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

அவள் படித்தாள். “பில்லு கட்டிட்டீங்களா சார்?”

“அஞ்சாந் தேதியே கட்டிட்டேன்.”

“ரசீது கீதா?”

“கீது.”

“அப்பறம் இன்னாத்துக்கு சார் பயந்துகினு கீறீங்க?”

போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, அதற்குள் பலராமன் பிரேக் போட்டார். செய்யாறு வந்துவிட்டது.